கட்டை போட இறங்குகிறவள்

'ஜீப்பில் வருவாங்களே, அந்தம்மா' என்றால் போதும், எங்கள் ஊரின் மேட்டுத் தெருக்களில் என் அக்காவை எல்லோருக்கும் தெரியும். வண்டியை ஓட்டுகிறவர் அக்காவின் கணவர், என் மாமா. அக்கா ஓட்டுவதில்லை. சரக்கு இறக்குவதில்லை. ரசீது போடுவதில்லை. பிறகு எதற்குக் கூடவே வருகிறாள் என்று கேட்டால், வண்டியை நிறுத்தி வைப்பதற்கு. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அதில் சிரிப்பு வந்து பல வருடம் ஆகிவிட்டது.

நான் சமையல் கேஸ் ஏஜென்சியின் கிடங்கில் இருக்கிறேன். எந்த வண்டியில் எத்தனை சிலிண்டர் ஏற வேண்டும், எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று பார்த்து அனுப்புவது என் வேலை. கீழே சமமாக இருக்கிற தெருக்களுக்கு லாரி போய்விடும். மேட்டுப் பகுதி அப்படி இல்லை. கல்லும் மண்ணுமான பாதை, மழை அறுத்த பள்ளங்கள், ஒரு வீட்டின் மொட்டைமாடி உயரத்தில் அடுத்த வீட்டின் வாசல். அங்கே ஏறுவதற்கு நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். மாமாவிடம் அது இருந்தது. ஏதோ ஒரு அரசாங்க இலாகா உபயோகித்துச் சலித்துக் கைகழுவிய ஜீப். ஏலத்தில் எடுத்தார். அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டதும் அதே வருடம்தான். இரண்டில் எது முதலில் வந்தது என்று யாராவது கேட்டால் மாமா ஜீப் என்பார், அக்கா முறைப்பாள்.

அந்த வண்டிக்கு ஹேண்ட் பிரேக் பிடிக்காது. வாங்கிய நாளிலிருந்தே பிடிக்காது. லிவர் இருக்கும், இழுத்தால் வரும், விட்டால் போகும், அவ்வளவுதான். அக்கா அதில் சாப்பாட்டுப் பையை மாட்டி வைத்திருந்தாள். சரி, இன்ஜினை அணைத்து கியரில் போட்டுவிட்டு இறங்கலாமே என்றால், அணைத்த வண்டி மறுபடி கிளம்புமா என்பது அதன் மனநிலையைப் பொறுத்தது. ஆகவே இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மேட்டில் நிறுத்தியதும் மாமா கால் பிரேக்கை மிதித்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார். அக்கா இறங்கிப் போய், பின்சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைச் செருகி, வண்டியின் பக்கத்தகட்டில் இரண்டு தட்டு தட்டுவாள். அதற்குப் பிறகுதான் அவர் காலை எடுப்பார், இறங்குவார், சிலிண்டரைத் தோளில் தூக்குவார்.

கிளம்புவது அதைவிட மோசம். பிரேக்கிலிருந்து கால் ஆக்ஸிலேட்டருக்கு மாறுகிற அந்த ஒரு கணத்தில் வண்டி பின்னால் வழுக்கும். அதனால் வண்டி முன்னால் நகர்ந்த பிறகே கட்டையை எடுக்க முடியும். எடுத்துக்கொண்டு, போகிற வண்டிக்குப் பக்கத்தில் வேகவேகமாக நடந்து, தொற்றி ஏற வேண்டும். மாமா நிறுத்த மாட்டார். நிறுத்தினால் அவள் மறுபடி இறங்க வேண்டுமே!

முதல் வாரம் 'இன்னிக்கு மட்டும்' என்றுதான் அக்காவை அழைத்துப் போனார். அப்போது கட்டைகூடக் கிடையாது, வழியில் கிடைத்த கல். மறுநாளும் இன்னிக்கு மட்டும். அதற்கடுத்த நாள் அந்த வார்த்தையைச் சொல்வதை விட்டுவிட்டார். கல்லைத் தூக்கி அக்காவின் கை கிழிந்திருப்பதைப் பார்த்து, தச்சரிடம் போய்ச் சரிவாக ஒரு கட்டை செய்து, சிராய் குத்தாதபடி தானே உட்கார்ந்து தேய்த்து, பிடிப்பதற்குக் கயிற்று வளையமும் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். மனைவிக்கு நகை வாங்கி வந்தவர் முகத்தில்கூட அவ்வளவு பெருமையை நான் பார்த்ததில்லை. அக்காவும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.

மாமா கெட்டவர் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப்போவதில் எனக்கே அவர்மேல் எரிச்சல் வரும்.

வண்டியைப் பழுதுபார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. செய்தது என்னவோ மெக்கானிக், ஆனால் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தது இவர். அந்த மெக்கானிக்குக்கு ஊரில் 'நாளைக்கு' என்று பெயர். எந்த வேலையைக் கொடுத்தாலும் அவர் வாயில் வரும் முதல் சொல் அதுதான். இன்ஜினைப் பிரித்துக் கோத்தார்கள். ரேடியேட்டர் மாற்றினார்கள். ஸ்பிரிங் பட்டை உடைந்தது, புதுப் பட்டை. ஸ்டியரிங் ஆடியது, அதற்கு ஒரு வாரம். ஹாரன்கூட இரண்டு சுருதியில் ஊதுகிற மாதிரி மாற்றியாகிவிட்டது. வண்டியை ஓடவிடாமல் செய்கிற எல்லாவற்றையும் மாமா சரிசெய்தார். ஒவ்வொரு முறையும் கடைசியில் 'நாளைக்கு' துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்பார், நானே காதால் கேட்டிருக்கிறேன்.

"ஹேண்ட் பிரேக்கையும் பார்த்துடவா அண்ணே?"

"அது கிடக்கட்டும்ப்பா. அதுக்கு ஆள் இருக்கு."

ஆள் இருந்தாள். காய்ச்சலிலும் இருந்தாள். மகள் வயிற்றில் இருந்தபோது கடைசி மாதங்களில் மட்டும் இல்லை. அப்போது என்னைக் கெஞ்சிக் கூத்தாடி, கிடங்கில் லீவு போடவைத்து அழைத்துப் போனார். நான் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தேன். மூன்றாவது வாரம் முதுகு பிடித்துக்கொண்டது என்று பொய் சொல்லிப் படுத்துவிட்டேன். அதற்காக எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அந்த வேலையைச் செய்து பார்த்தவன் எவனும் அதைத்தான் செய்வான். மாமா கூலிக்கு ஆள் வைத்துச் சமாளித்தார்; பிரசவம் முடிந்ததும் அக்கா கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு மறுபடி ஏறிக்கொண்டாள்.

அப்படியே வருடங்கள் ஓடின. மகள் படித்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் போனாள். மாமாவின் தலை நரைத்தது. அக்காவின் முட்டி தேய்ந்தது.

முதலில் வலது முட்டி, பிறகு இரண்டும். காலையில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் அடி எடுத்து வைப்பாள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, குனியக் கூடாது, குந்தக் கூடாது, படி ஏறி இறங்கக் கூடாது என்றார். "வேலை என்ன பண்றீங்கம்மா?" என்று கேட்டாராம். அக்கா என்ன சொல்வாள்? "வீட்டுலதான்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

டாக்டர் சொன்னதைக் கேட்டு மாமா தவித்துப்போனார். நிஜமாகவே தவித்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை, வெல்டிங் பட்டறையிலிருந்து ஒரு பொருளோடு வந்தார். கட்டைக்கு நீளமாக ஒரு இரும்புக் கைப்பிடி. நின்றபடியே சக்கரத்துக்கு அடியில் தள்ளலாம், இழுக்கலாம். குனியவே வேண்டாம். அதோடு வண்டியின் பக்கவாட்டில், ஏறுவதற்கு வாகாகத் தாழ்வாக ஒரு படியும் வைத்திருந்தார்.

"எப்படி?" என்றார் என்னைப் பார்த்து.

என் வாயில் வந்ததை எழுத முடியாது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "நல்லா இருக்குங்க" என்றாள். அன்றைக்கும் ஏறிப் போனாள்.

இப்படி இருக்கும்போதுதான் கியர் பாக்ஸ் போனது. மேட்டின் பாதியில், மழை விட்ட ஒரு மத்தியானம், ஏதோ உள்ளே நறநறவென்று அரைபட்டு, வண்டி நின்றுவிட்டது. எந்தக் கியரிலும் இழுக்கவில்லை. மாமா உதவிக்கு ஆள் தேடிக் கீழே ஓடினார். அக்கா கட்டையைப் போட்டுவிட்டு, அது ஈர மண்ணில் வழுக்கிவிடக் கூடாதே என்று கைப்பிடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி நின்றாள். பின்னால் சிலிண்டர்கள், கீழே வீடுகள். நாங்கள் கயிறும் இன்னொரு வண்டியுமாகப் போய்ச் சேர்ந்தபோதும் அவள் அப்படியே நின்றிருந்தாள். கையை விடச் சொன்னால் விரல்கள் பிரியவில்லை. மாமாதான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அக்கா கட்டிலில் கால் நீட்டி, முட்டிக்கு அடியில் தலையணை வைத்திருந்தாள். வெந்நீர்ப் பையை நான் மாற்றி மாற்றி வைத்தேன். மாமா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு யாருக்கோ சமாதானம் சொல்வதுபோல் ஆரம்பித்தார்.

"பழைய வண்டி ஒண்ணை உடைக்கறாங்களாம். அதுலேர்ந்து கியர் பாக்ஸ் எடுத்துப் போட்டுடலாம்னு மெக்கானிக் சொல்றான். இந்த ஒரு தடவை பண்ணிட்டா அப்புறம் கவலையே இல்ல."

"போன தடவையும் இதைத்தான் சொன்னீங்க மாமா" என்றேன்.

"போன தடவை இன்ஜின்ப்பா. இது வேற."

அக்கா கண்ணை மூடியபடியே பேசினாள். "வித்துடுங்க."

"வித்துட்டு?"

"தெரியல. என்னால முடியலைங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கொஞ்ச நேரம் ஃபேனைப் போட்டுப் படுக்கணும். ஊர்ல எல்லாரும் படுக்கறாங்க."

அவள் எதையும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. மாமா எழுந்து வந்து, என்னிடமிருந்து வெந்நீர்ப் பையை வாங்கி அவள் முட்டியில் வைத்தார். பிறகு, "சரி, கியர் பாக்ஸை மட்டும் போட்டு, ஓடற வண்டியாவே வித்துடலாம். நின்ன வண்டியை எவன் வாங்குவான்?" என்றார். அது நியாயம்தான். இருந்தாலும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. மாமாவுக்கு ஓடுகிற வண்டியை விற்க மனசு வராது, நின்ற வண்டியை விற்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இத்தனை வருடமும் போனது.

ஆனால் விளம்பரம் கொடுத்தார். கியர் பாக்ஸ் மாட்டியானதும் ஒருவர் பார்க்க வந்தார். பழத்தோட்டம் வைத்திருக்கிறவர், தோட்டத்துக்குள் ஓட்டுவதற்கு வேண்டும் என்றார். வாய் ஓயாமல் பேசுகிற, வயிறு குலுங்கச் சிரிக்கிற ஆள். மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று அவரே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். பக்கத்தில் மாமா. நான் பின்னால் ஏறினேன். திரும்பினால் அக்காவும் ஏறி உட்கார்ந்திருக்கிறாள், கையில் கட்டை.

"நீ எதுக்கு?" என்றார் மாமா.

அக்காவுக்கே தெரியவில்லை. வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது, ஏறிவிட்டாள்.

தோட்டக்காரர் நன்றாகத்தான் ஓட்டினார். பாதி மேட்டில் நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை ஒரு இழு இழுத்துவிட்டு, மாமா வாயைத் திறப்பதற்குள் காலை எடுத்தார். வண்டி பின்னால் நகர்ந்தது. ஆனால் அது ஒரு சாண்கூடப் போயிருக்காது. அக்கா எப்போது இறங்கினாள், அந்த முட்டியோடு எப்படி இறங்கினாள் என்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியாது. கட்டை சக்கரத்தின் கீழ் இருந்தது. தகட்டில் இரண்டு தட்டு.

தோட்டக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். "யாருங்க இவங்க?"

"வீட்டுல..." என்று இழுத்தார் மாமா.

தோட்டக்காரர் புரியாமல் பார்த்துவிட்டு, புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார். "ஏங்க, வண்டி வாங்கினா இவங்களும் கூட வருவாங்களா?"

மாமாவும் கூடவே சிரித்தார். வியாபாரத்தில் எல்லோரும் சிரிப்பதுபோல் அசடு வழியச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடி வழியாகப் பின்னால் நிற்கிற அக்காவைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கைப்பிடியை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். மாமாவின் முகம் சுண்டிப்போனது.

"சும்மா தமாஷுக்குச் சொன்னேங்க" என்றார் தோட்டக்காரர், முகம் மாறியதைப் பார்த்துவிட்டு. "ஹேண்ட் பிரேக் என்ன பெரிய விஷயம்? அரை நாள் வேலை. எங்காளு பார்த்துப்பான். எனக்கு வண்டி பிடிச்சிருக்கு."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி மாமா அவரை அனுப்பிவைத்தார்.

மறுநாள் மாமா கிடங்குக்கு வரவில்லை. அதற்கு மறுநாள் காலையில் குளித்து, சட்டை மாற்றி, விசேஷத்துக்குப் போகிறவர்போல் வந்து, "மாப்ளே, வா, ஒண்ணு காட்டறேன்" என்று என்னையும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அக்காவை முன்னிருக்கையில் உட்காரவைத்தார். கட்டையை எடுக்க வேண்டாம் என்றார். லிவரில் சாப்பாட்டுப் பை இல்லை. அக்கா அதைக் கவனித்தாள்.

இருப்பதிலேயே செங்குத்தான இடத்தில் நிறுத்தினார். அக்காவின் ஒரு கால் அதற்குள் படியில் இருந்தது.

"உட்காரு, உட்காரு. இறங்காதே."

லிவரை இழுத்தார். கரகரவென்று பல் பிடித்தது. காலை எடுத்தார், கையை எடுத்தார். வண்டி சுவரில் அடித்த ஆணிபோல் நின்றது. மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பரீட்சையில் பாஸான பிள்ளையின் முகம்.

"எப்ப பண்ணினீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"நேத்துதான். காலையில விட்டேன். சீல் ஒண்ணு போயிருந்ததாம், ஆயில் கசிஞ்சு உள்ளே பிரேக் ஷூ ஊறிப்போயிருந்தது. ரெண்டையும் மாத்தி, ஒரு கேபிள் போட்டான். மத்தியானம் கொடுத்துட்டான்."

'நாளைக்கு' தன் வாழ்நாளில் அன்றைக்கே முடித்துக்கொடுத்த வேலை அது ஒன்றாகத்தான் இருக்கும்.

"மத்தியானத்துக்குள்ளயா?"

"ஆமா."

அக்கா அழுதாள். வலியில் அவள் பல்லைக் கடிப்பாள், அழ மாட்டாள். இது கோபத்தில் வந்த அழுகை. "அரை நாள் வேலைங்க இது. இந்த அரை நாளுக்காகவா நான் இத்தனை வருஷம் இறங்கி ஏறினேன்? இன்ஜினுக்கு ஒரு மாசம் விட்டீங்க. ஹாரனுக்கு ரெண்டு நாள் விட்டீங்க. எனக்காக ஒரு அரை நாள் விட முடியலையா உங்களால?"

மாமாவின் முகத்தில் இருந்த பெருமை எங்கே போனது என்று தெரியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்கண்ணாடியையே பார்த்தார்.

"அவன் ஒவ்வொரு தடவையும் கேட்டான். நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"அதைச் சரிபண்ணிட்டா நீ எதுக்கு வருவ? வீட்டுலயே இருந்துடுவ. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் இந்த மேட்டுல தனியா... எனக்கு உன்னை விட்டா யார் இருக்கா பேசறதுக்கு?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கட்டை கையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. மனுஷன் பெண்டாட்டியின் முட்டியைத் தேயவிட்டுப் பேச்சுத்துணை தேடியிருக்கிறார். திட்டுவதற்காக வாயைத் திறந்தேன். அவர் காதோரத்து நரைமுடியைப் பின்னாலிருந்து பார்த்ததும் என்னால் திட்ட முடியவில்லை.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கோபம் அடங்கி, அசதி மட்டும் மிஞ்சிய குரலில் பேசினாள்.

"வான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா வந்திருப்பேனே. ஒரு வேலையும் இல்லாம, சும்மா உங்க பக்கத்துல உட்கார்ந்து வந்திருப்பேன்."

"இப்பக் கேக்கறேன். வா. சும்மா உட்கார்ந்து வா. வண்டி இன்னும் பத்து வருஷம் ஓடும்."

அக்கா இரண்டு கையாலும் முட்டிகளைப் பிடித்துக்கொண்டாள். "மனசு வருதுங்க. கால் வரமாட்டேங்குது. இந்த ரோட்டுல ஒவ்வொரு பள்ளமும் இங்கதான் குத்துது."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. வண்டியை மெதுவாக, பள்ளம் பார்த்துப் பார்த்துத் திருப்பி, அவளை வீட்டில் இறக்கிவிட்டார். அந்த வாரமே தோட்டக்காரர் வந்து ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனார்.

இப்போது மாமா என்னோடு கிடங்கில் வேலை பார்க்கிறார். மேட்டுக்கு வேறு யாரோ சின்ன வண்டியில் போகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குப் போய்வருவார். அக்கா ஃபேனைப் போட்டுப் படுத்திருப்பாள். எழுப்பாமல் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வந்துவிடுவார். சாயங்காலம் இருவரும் களைத்திருப்பார்கள், டிவி ஓடும். போன வாரம் போயிருந்தபோது, முட்டி எப்படி இருக்கிறது என்று அக்காவிடம் கேட்டேன். பரவாயில்லை என்றாள். பிறகு, தூங்கி எழுந்த முகத்தோடு, "வண்டியில நல்லா பேசுவாருடா உங்க மாமா" என்றாள்.